விருந்தாளியும் பங்காளியும்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே ஒரு பங்கின் பாதிக் கதை தெரிந்துவிடும். முன்வரிசைகளில் பெரியவர்கள். அவர்களுக்குத் திருப்பலி இன்னும் ‘பூசை’தான். நடுவில் குடும்பங்கள். அப்பாவும் அம்மாவும் தமிழில் பதில் சொல்ல, பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். கடைசி நான்கு வரிசைகளில், தூணை ஒட்டியும் கதவை ஒட்டியும், வெளிநாட்டு ஊழியர்கள். துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கத்துத் தங்குவிடுதிகளில் இருந்து பேருந்தும் ரயிலும் மாறி வந்தவர்கள். அவர்களைப் பின்னால் உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. முன்னால் வாருங்கள் என்று யாரும் சொன்னதும் இல்லை.

நான் போகும் பங்கின் பெயர் இங்கே வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ்த் திருப்பலி நடக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இதைத் தங்கள் இடத்தில் வேறு வடிவத்தில் பார்த்திருப்பார்கள்.

கத்தோலிக்கர்கள் அல்லாத வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் சேர்த்து நாங்கள் ‘பங்கு’ என்போம். அதை நடத்தும் சாமியார் பங்குத்தந்தை. “ஞாயிறு காலை பங்கில் வேலை இருக்கு, வர முடியாது” என்று அலுவலகத் தோழியிடம் ஒருமுறை சொன்னேன். “ஞாயித்துக்கிழமைகூடவா பங்குச் சந்தை திறந்திருக்கு?” என்று கேட்டார். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவளிடம் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளும் அத்தனை தூரத்தில் இல்லை. ஒருவர் ஒரு பங்கைச் சேர்ந்தவர் என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். வேலையில், பேச்சில், சாப்பாட்டில், சாவில்.

இந்தச் சின்ன விஷயத்தை எங்கள் பங்கு சில ஆண்டுகளாக எப்படிக் கற்றுக்கொண்டு வருகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

தேநீரில் தொடங்கியது

எங்கள் உதவிக் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆசிரியர், தாதி, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், என்னைப்போல அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்கள். திருப்பலி முடிந்ததும் தேநீரும் வடையும் கொடுப்பதில்தான் எங்கள் வேலை தொடங்கியது. தேநீர் குடிக்க நிற்பவர்கள் பேசத் தொடங்கினார்கள். பேச்சில் பிரச்சினைகள் வந்தன. சம்பளச் சீட்டில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் வேறொரு தொகை. முகவரிடம் வாங்கிய கடன் முடியவில்லை. முதுகு வலிக்கிறது, மருத்துவரிடம் போகப் பயமாக இருக்கிறது. மகள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை.

எங்களால் முடிந்தது கொஞ்சம்தான். படிவம் நிரப்புவோம். மருத்துவமனைக்குத் துணைக்குப் போவோம். சிக்கல் பெரிதாக இருந்தால் அதைத் தெரிந்தவர்களிடம் சேர்ப்போம். குடியேறிகளின் நலனுக்காகக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் 1998 முதல் ‘ஏசிஎம்ஐ’ என்ற ஆணையம் இயங்கி வருகிறது. சமய வேறுபாடு பார்க்காமல் ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளும் சிங்கப்பூரில் உண்டு. எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதே ஒரு பெரிய உதவி என்பதைப் போகப் போகப் புரிந்துகொண்டோம்.

இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. கொடுப்பவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம். வாங்குபவர்கள் அந்தப் பக்கம். திருவிழா நாளில் ஊழியர்களுக்குத் தனி வரிசை போட்டு முதலில் சாப்பாடு பரிமாறுவோம். அன்பாகத்தான் செய்தோம். விருந்தாளியை முதலில் சாப்பிடச் சொல்வது நம் மரபு. ஆனால் விருந்தாளி அடுப்படிக்குள் வருவதில்லை. வீட்டு விவகாரத்தில் கருத்துச் சொல்வதும் இல்லை.

தொலைபேசியில் வந்த செபமாலை

மேசையின் பக்கங்கள் முதலில் மாறியது 2020இல். அந்த ஆண்டு பிப்ரவரி 15 முதல் சிங்கப்பூரின் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 7இல் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியது. தங்குவிடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியே வர முடியாமல் போனது.

நாங்கள் வழக்கம்போல் பட்டியல் தயாரித்தோம். யார் எந்த விடுதியில் இருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யாரை இன்று கூப்பிட வேண்டும். ஒரு நாள் மாலை நான் கூப்பிட்டபோது, தேவகோட்டைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: “அக்கா, எங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துருது. வைஃபை இருக்கு. பொழுதுதான் போகல. நம்ம பங்குல வயசானவங்க யாராவது தனியா இருக்காங்களா? நம்பரக் குடுங்க, நாங்க பேசுறோம்.”

எங்களிடம் இன்னொரு பட்டியலும் இருந்தது. ஓரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள், பதினான்கு பேர். இணையத்தில் திருப்பலி பார்க்கத் தெரியாதவர்கள். சிலரிடம் சாதாரணக் கைப்பேசி மட்டுமே இருந்தது. அவர்களிடம் சம்மதம் கேட்டு எண்களைக் கொடுத்தோம்.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு அந்த வீடுகளில் மணி அடித்தது. விடுதியில் இருக்கும் ஒருவர் செபமாலையைத் தொடங்குவார், மறுமுனையில் பெரியவர் பதில் சொல்வார். செபம் முடிந்த பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். “சாப்பிட்டியா?” “என்ன குழம்பு?” “உன் பொண்டாட்டி போன் பண்ணுச்சா?”

அந்தப் பதினான்கு பேரில் ஒருவரை நாங்கள் மூன்றாம் மாடிப் பாட்டி என்போம். கணவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே மகன் பெர்த்தில் இருக்கிறார். பாட்டி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மூன்று மாதம் முடிவதற்குள், சருகணி எங்கே இருக்கிறது, இடைக்காட்டூர்க் கோயிலுக்கு எந்த ஊரில் இறங்க வேண்டும், ஓரியூர் மண் ஏன் சிவப்பாக இருக்கிறது என்றெல்லாம் எங்களுக்கு விளக்கம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். “அந்தப் பிள்ளைங்க பாவம். நான் பேசலேன்னா அதுங்களுக்கு யாரு இருக்கா?” என்பார். விடுதிப் பக்கம் கேட்டால், “பாட்டி பாவம்க்கா, நாங்க பேசலேன்னா அதுக்கு யாரு இருக்கா?” என்பார்கள். இரண்டு பக்கமும் தாங்கள்தான் உதவி செய்வதாக நினைத்தார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் பங்கு செய்த மிகச் சிறந்த தொண்டு அதுதான். அதைத் திட்டமிட்டது எங்கள் குழு அல்ல.

“எனக்கும் ஒரு வேலை குடுங்க”

ஊழியர்கள் பழையபடி கோயிலுக்கு வருவதற்கு நாளாயிற்று. 2022 ஜூனில்தான் விடுதியை விட்டு வெளியே செல்ல முன் அனுமதி தேவையில்லை என்றானது. அப்போதும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் ஒரு தம்பி எங்களிடம் வந்தார். சிவகங்கை மாவட்டத்துக்காரர், இருபத்தேழு வயது. கட்டுமானத் தளத்தில் இரும்புச் சட்டத்துக்கு அடியில் இடது கை சிக்கி, இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. அறுவை சிகிச்சை முடிந்து, கை குணமாகும் வரை வேலை இல்லாமல் காத்திருந்தார். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், விபத்து யாருடைய தவறு என்று நிரூபிக்காமலேயே ஊழியர் இழப்பீடு கேட்கலாம். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கால ஊதியம், நிரந்தரப் பாதிப்பு இருந்தால் ஒரு மொத்தத் தொகை ஆகியவை அதில் அடங்கும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு இதில் எதுவும் தெரியாது. ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இருந்தது.

விவரம் தெரிந்தவர்களிடம் அழைத்துப் போனோம். கோரிக்கை பதிவானது. பிறகு காத்திருப்பு. மருத்துவர் கையை மதிப்பிட வேண்டும், எத்தனை விழுக்காடு பாதிப்பு என்று சொல்ல வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நாங்கள் போக்குவரத்துக்குக் காசும், அரிசி பருப்பும், சமயத்தில் கைப்பேசிக் கட்டணமும் கொடுத்து வந்தோம். தம்பி தலையைக் குனிந்தபடியே வாங்கிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு பையைக் கையில் வாங்காமல் நின்றார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா வாங்கிக்கிட்டே இருக்க ஒரு மாதிரியா இருக்கு. எனக்கும் ஏதாச்சும் ஒரு வேலை குடுங்க.”

“என்ன வேலை தெரியும் தம்பி?”

“ஊர்ல எங்க அப்பா உபதேசியார்க்கா. சாமியார் வராத ஞாயித்துக்கிழமையில அப்பாதான் செபம் நடத்துவாரு. நான் பத்து வயசுல இருந்து வாசகம் வாசிக்கிறேன்.”

எங்கள் பங்கில் தமிழ் வாசகர்களுக்குப் பஞ்சம். பெரியவர்களுக்குக் கண் மங்குகிறது. இளையர்களுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிகிறது. மறைக்கல்வி முழுக்க ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் அவர்கள். பத்து வயதிலிருந்து வாசிக்கும் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று இருப்பார், நாளை போய்விடுவார்

ஊழியர்களையும் வாசகர் பட்டியலில் சேர்க்கலாமா என்ற பேச்சு பங்குக் கூட்டத்துக்கு வந்தது. அங்கே எழுந்த தயக்கங்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவற்றில் நியாயம் இருந்தது. வாசகர் பயிற்சி வார நாள் இரவில், ஆங்கிலத்தில் நடக்கிறது. துவாஸில் வேலை செய்பவர் எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கூடுதல் நேர வேலை வந்துவிட்டால் யார் வாசிப்பது? பங்கில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள் காத்திருக்கும்போது நேற்று வந்தவரை நிறுத்தலாமா?

“இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. அவங்கள நம்பி எப்படிப் பட்டியல் போடறது?” என்று ஒருவர் கேட்டார்.

அதற்கு எங்கள் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் அமைதியாகப் பதில் சொன்னார்: “எங்க தாத்தாவும் அப்படிச் சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறினாரு. மூணு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்னு.”

அறையில் இருந்த பாதிப் பேரின் தாத்தாக்கள் அப்படித்தான் வந்தவர்கள். குயின் ஸ்திரீட்டில் உள்ள புனித பேதுரு பவுல் தேவாலயம் 1870இல் எழுந்தபோது, சீனர்களும் தமிழர்களும் அதே கூரையின்கீழ் பூசை கண்டார்கள். அதைக் கட்டிய பிரெஞ்சுக் குரு பியேர் பாரிஸ் இரண்டு மொழிகளிலும் பேசக் கற்றிருந்தார். பிறகு தமிழர்களுக்கென்று ஓஃபிர் ரோட்டில் லூர்து அன்னை தேவாலயம் கட்டப்பட்டது. 1886இல் அடிக்கல் நாட்டி 1888இல் திறந்தார்கள். பிரான்சில் உள்ள லூர்து பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய அந்தக் கோயில், 1974 வரை சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் மையமாக இருந்தது. 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று சுற்றுப்பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு முதலில் வந்தவர்களில் எத்தனையோ பேர், இந்த ஊரில் எத்தனை நாள் இருப்போம் என்று தெரியாதவர்கள். அவர்களை விருந்தாளிகளாக மட்டும் வைத்திருந்தால் நமக்கு இன்று பங்கு ஏது?

ஆனால் இந்த ஒப்பீட்டை முழுக்க இழுக்கவும் கூடாது. தாத்தாவுக்குத் திறந்திருந்த கதவு இந்தத் தம்பிக்குத் திறந்திருக்கவில்லை. வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. வேலை முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். ‘நாளைக்குப் போயிடுவாங்க’ என்பது அவர்கள் விஷயத்தில் உண்மை. இதை மாற்றும் சக்தி ஒரு பங்குக்குக் கிடையாது.

பங்கின் கையில் இருப்பது வேறொன்று. இருக்கும் வரைக்கும் அவர் யாராக இருப்பார் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். நிரந்தரமாக இருப்பவர்களுக்குத்தான் பொறுப்பு என்றால், நிரந்தரவாசத் தகுதி கேட்பது குடிநுழைவு அலுவலகம் மட்டுமல்ல, கோயிலும் கேட்கிறது என்றாகிவிடும்.

கூட்டத்தில் ஒரு நடைமுறை வழி கிடைத்தது. பயிற்சியைத் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்னால் தமிழில் வைத்தோம். ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டு பேர்: ஒருவர் ஊழியர், ஒருவர் உள்ளூர்க்காரர். ஊழியருக்கு வேலை வந்துவிட்டால் மற்றவர் வாசிப்பார். நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகவும் நடந்தது. பல ஞாயிறுகளில் வராமல் போனது தேர்வையும் பிறந்தநாள் விருந்தையும் காரணம் காட்டிய உள்ளூர்க்காரர்கள்தான்.

என் மகளை அந்தத் தம்பியோடு சேர்த்தார்கள். அப்போது அவள் உயர்நிலை இரண்டு. அவள் ‘மகிழ்ச்சி’யை ‘மகில்ச்சி’ என்று வாசிப்பாள். தம்பி சிரிக்காமல், “நாக்க மடிச்சு உள்ள கொண்டு போ பாப்பா” என்பார். ஒலிபெருக்கியை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும், எங்கே நிறுத்தி நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதை அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். மருத்துவமனை அனுப்பும் ஆங்கிலக் குறுஞ்செய்திகளையும் அவள்தான் படித்துச் சொல்வாள். வீட்டில் ஆண்டுக்கணக்காக நானும் பள்ளியில் ஆசிரியரும் போராடியும் வராத ழகரம், மூன்று மாதத்தில் வந்துவிட்டது. தமிழ்த் திருப்பலியைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம், அதைக் காப்பாற்றக் கூடியவர்கள் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

தம்பியின் விவகாரம் 2023இல் முடிந்தது. இழப்பீடு கிடைத்தது. அவர் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை, பயந்த அளவுக்கு மோசமும் இல்லை. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். போவதற்கு முந்தைய ஞாயிறு அவர் முதல் வாசகம் வாசித்தார். அவருக்கு என்ன ஆகும் என்ற கவலை எங்களுக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. தொண்டு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதினால் அது பொய்.

பெட்டியைத் தூக்கியவர்கள்

நம் சமூகத்தில் பங்காளி என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. சொத்தில் உரிமை உள்ளவர் பங்காளி. வாய்க்கால் வரப்புக்குச் சண்டை போடுபவரும் அவர்தான். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்க வேண்டியவரும் அவரே. கல்யாணத்துக்கு வராத பங்காளியை மன்னிப்பார்கள். சாவுக்கு வராதவரை மன்னிக்க மாட்டார்கள்.

2024இல் மூன்றாம் மாடிப் பாட்டி தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் கதவைத் தட்டிப் பார்த்து எங்களுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மலாய் அம்மா. மகன் பெர்த்திலிருந்து கிளம்பி வர ஒரு நாள் ஆகும். புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, பெட்டியை வைத்தோம். முதல் இரவு ஏழு மணி செபத்துக்கு எங்களையும் சேர்த்து இருபது பேர்கூட இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் ஊழியர்கள் வரத் தொடங்கினார்கள். வேலை முடிந்து, குளித்து, ரயில் பிடித்து வந்தவர்கள். 2020இல் பாட்டியோடு தொலைபேசியில் செபமாலை சொன்னவர்களில் இங்கே மிச்சம் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் சொல்லி வந்தவர்கள் இன்னும் பத்துப் பேருக்கு மேல். பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து செபமாலையை ஆரம்பித்தார்கள். பாட்டியின் குரல் மட்டும்தான் இல்லை. பதினொன்றரை மணிக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். மறுநாளும் வந்தார்கள்.

இரண்டாம் நாள் மகன் வந்து சேர்ந்தார். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத இளைஞர்கள் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது, எந்தக் குழம்புக்கு என்ன மீன் போடுவார் என்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். “இவங்கல்லாம் யாரு?” என்று என்னிடம் கேட்டார். “உங்க பங்காளிங்க” என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவர்களிடம் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடக்கத் திருப்பலி ஒரு புதன்கிழமை காலையில். பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிச் செல்ல ஆறு பேர் வேண்டும். மகன் ஒருவர், என் கணவர் ஒருவர். மற்ற நால்வரும் ஊழியர்கள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் என்றால் என்ன என்பது எங்கள் குழுவுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய சம்பளச் சீட்டுகளைப் படித்தவர்கள் நாங்கள்.

மண்டாயில் தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஊரிலிருந்து தம்பியின் செய்தி வந்திருந்தது. “அக்கா, ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல பாட்டி பேருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கோம். பாட்டிக்கு எங்க ஊரைப் பாக்கணும்னு ஆசை.” பூசைக் காணிக்கை பெரிய தொகை அல்ல. ஆனால் விரல் மடங்காத கையோடு வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு அது சின்னத் தொகையும் அல்ல. அதைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. பங்காளியிடம் அப்படிக் கேட்பதில்லை.

எந்த வீட்டுக்கும் பொருந்தும்

இந்த அனுபவம் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமானது என்று நான் நினைக்கவில்லை. சிராங்கூன் சாலையில் அன்னதானம் வழங்கும் கோயில்கள், நோன்புக் கஞ்சி கொடுக்கும் பள்ளிவாசல்கள், தீபாவளிக்குத் தங்குவிடுதிகளில் இனிப்பு வழங்கும் சமூக மன்றங்கள் என்று நம் தமிழ்ச் சமூகம் தாராளமாகக் கொடுக்கிறது. வேலைக்குப் போகும் இளையர்கள் பலர் வார இறுதியை இதற்காக ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, “என்ன வேண்டும்?” என்று கேட்பதோடு “என்ன தெரியும்?” என்றும் கேளுங்கள். தவில் வாசிப்பவர், பந்தல் போடத் தெரிந்தவர், நூறு பேருக்குச் சமைப்பவர், தேவாரம் பாடுபவர், கபடிப் பயிற்சி கொடுத்தவர் எல்லாம் உங்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

இரண்டு, கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள். வார நாள் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்று சொல்வதில் பயனில்லை.

மூன்று, அவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இதுதான் மூன்றிலும் கடினம். கொடுத்துப் பழகிய கைக்கு நீட்டி வாங்கத் தெரிவதில்லை.

எங்கள் பங்கிலும் எல்லாம் மாறிவிடவில்லை. புதிதாக வருகிறவர்கள் இன்றும் கதவோரம்தான் நிற்கிறார்கள். வாசகர் பட்டியலில் பெயர் சேர்த்தாலும் பாதிப் பேர் கூச்சப்பட்டு மறுக்கிறார்கள். ஒருவரைப் பழக்கி முடிப்பதற்குள் அவருடைய வேலை முடிந்து ஊருக்குப் போய்விடுகிறார், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். இந்த ஊரின் பங்குகளுக்கு அதுதான் வேலை.

வரும் மாதம் எங்கள் திருவிழா. முந்நூறு பேருக்குப் பொதுச் சாப்பாடு. இந்த ஆண்டு சமையல் குழுவின் பொறுப்பாளர் தூத்துக்குடிக்காரர், சாரக்கட்டு வேலை செய்பவர். ஊரில் அசனத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்தவர். முந்நூறு பேர் என்றதும், “அவ்வளவுதானா?” என்று கேட்டார். போன வாரம் வேலைப் பட்டியலைக் குழுவில் அனுப்பினார். என் பெயருக்கு நேரே, காலை ஆறு மணி, இருபது கிலோ வெங்காயம் என்று போட்டிருக்கிறது. தாமதமாக வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது.